நாகப்பட்டினத்துக்காரர்கள் டிக்ளேர் செய்த நாள்

மட்டையையே தொடாமல் கிரிக்கெட் ஆட்டத்தில் ஜெயித்த டீம் எங்களுடையது. ஒரு ராத்திரி முழுக்க, மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிறவரை, நாங்கள் பதினொரு பேரும் அதைச் சத்தியமாக நம்பினோம். நம்பியதில் எங்கள் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அதனால் எங்களில் ஒருவனுடைய வாழ்க்கை போன போக்கை நினைத்தால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. மூன்று பக்கமும் இந்தியா, நான்காவது பக்கம் கடல். ஊரை விட்டு எந்தச் சாலையில் போனாலும் இந்தியச் சுங்கச்சாவடி ஒன்று குறுக்கே நிற்கும். தெற்கே நாகூர், நாகப்பட்டினம் போகிறவர்களுக்கு அது கீழவாஞ்சூர்ப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையைப் பிரித்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காக்கிச் சட்டைக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் தலையைத் தூக்காமலே எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"டிக்ளேர் பண்ண ஏதாச்சும் இருக்கா?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு 'ஒண்ணும் இல்லீங்க' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. இடுப்பில் மூன்று சுற்றுப் பட்டுத் துணி இருக்கும், கொண்டைக்குள் கைக்கடிகாரம் இருக்கும், பால் தூக்கின் அடியில் செண்டு பாட்டில் இருக்கும்; வாய் மட்டும் ஒண்ணும் இல்லீங்க என்று சொல்லும். யாராவது பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டால் சாமான் அங்கேயே தங்கிவிடும், ஆள் வெறுங்கையோடு வீடு திரும்புவார். "பாவம், டிக்ளேர் பண்ணிட்டாரு" என்று தெருவே உச்சுக்கொட்டும். அப்படியே அந்தச் சொல் ஊருக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது. கோலி விளையாட்டில் தோற்றவன் கையைத் தூக்கி 'டிக்ளேர்' என்பான். சடுகுடுவில் அமுக்கப்பட்டவன் மூச்சு முட்டி 'டிக்ளேர், டிக்ளேர்' என்று கதறினால் மேலே கிடப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் யார் இறங்கிவந்தார்கள் என்பதைக்கூட எங்கள் தலத்தெருப் பெண்கள் இந்தச் சொல்லால்தான் சொல்லிச் சிரிப்பார்கள். டிக்ளேர் என்றால் சரணாகதி. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

கிரிக்கெட்டை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் கும்பகோணத்திலிருந்து வந்த ஆங்கில வாத்தியார். வாத்தியார்கள் எல்லாரையும் நாங்கள் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். கதர் ஜிப்பாவும் விபூதியுமாக வந்து நின்ற அவரையும் அப்படியே கூப்பிட்டோம். முதல் தடவை கேட்டபோது, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

தலைமையாசிரியருக்குக் கால்பந்துதான் விளையாட்டு. இங்கிலீஷ்காரன் ஆட்டம் நமக்கெதற்கு என்று முகத்தைச் சுளித்தவரை முசியே எப்படியோ மசியவைத்து ஒரே ஒரு சீசனுக்கு அனுமதி வாங்கிவிட்டார். தை அறுவடை முடிந்ததும் அரசலாற்றங்கரைப் பொட்டலில் ஆட்டம் தொடங்கியது. மணலில் பந்து எழும்பவில்லை. எங்கள் கேப்டன் தன் வீட்டுப் பழைய தோணியின் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு ஓரத்திலும் முளை அடித்து அதை விரித்தோம். கடற்காற்று அடித்தால் பாய் உப்பிக்கொள்ளும். அப்போது பந்து எங்கே குத்தினாலும் வேறெங்கோ போகும். இந்தப் பக்கத்திலேயே தோணிப் பாயின் மேல் கிரிக்கெட் ஆடியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மேல் வகுப்புகளுக்குப் பெரிய டீம், கீழ் வகுப்புகளுக்குச் சின்ன டீம். பெரிய டீமில் நான் விக்கெட் கீப்பர். மட்டையை நேராகப் பிடிக்கவும் முழங்கையை மடக்காமல் பந்து போடவும் முசியே சொல்லிக்கொடுத்தார். எல்பிடபிள்யூ என்றால் என்ன என்று இரண்டு நாள் விளக்கிவிட்டு அவரே குழம்பிப்போனார். டிக்ளேர் பற்றி மூச்சு விடவில்லை. எங்களுக்கு அது தேவைப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆடிய ஆட்டங்களில் எல்லாம் நாங்களே முதலில் மட்டை பிடித்து, வெயில் ஏறுவதற்குள் சுருண்டு, எதிராளி சாப்பாட்டுக்கு முன்பே எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

பொறையாறுப் பையன்களிடம் தோற்றோம். மாயவரத்தில் தோற்றோம். எங்கள் சொந்தப் பொட்டலில், சொந்தப் பாயில், நாகூரிடமும் தோற்றோம். இதில் பெரிய அதிர்ச்சி என்னவென்றால், சின்ன டீம் போன இடமெல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தது. அதில் என் தம்பி இருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா அவன் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றுவார். நான் தட்டை நீட்டினால், "நீதான் உள்ள போன சுருக்குல வெளில வந்துடுறியாமே, ஒனக்கு எதுக்கு நெய்யி" என்பார். என் தம்பி அதற்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் நான் மன்னிக்கவே இல்லை.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையன், கை நீளம், அவன் ஓடிவந்து பந்து போட்டால் பின்னால் நிற்கும் எனக்கே கண் தன்னால் மூடிக்கொள்ளும். கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கணக்கில் வகுப்பிலேயே முதல். அந்த ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவனை 'தொக்தேர்' என்று பிரெஞ்சில் கூப்பிட ஆரம்பித்தது. கேலிக்குத்தான் கூப்பிட்டோம். ஆனால் அவன் டாக்டராகிவிடுவான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சந்தேகம் அவன் வாப்பாவால் வந்தது. அவருக்குச் சைகோனில் ஒரு துணிக்கடை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி நோயில் படுத்து ஊர் திரும்பிவிட்டார். கடை வேலைக்காரர்கள் பொறுப்பில் நின்றது. சொந்த ரத்தம் ஒன்று அங்கே போய் உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. சைகோன் பக்கம் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. குண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கடை திறக்கிறார்கள் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். கேப்டனின் உம்மா அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாராம்.

மாயவரத்தில் தோற்றுவிட்டு வந்த சாயங்காலம், ஸ்டம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் கேப்டன் வீட்டாரின் துணிக் கிடங்கைக் கடந்து போனோம். வாப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பிங்களா, இன்னைக்கும் போயி குடுத்துட்டு வந்தாச்சா?" என்றார்.

"நாகப்பட்டினத்துல ஜெயிச்சுடுவோம் வாப்பா" என்றான் கேப்டன்.

"ஜெயிச்சுடுவியா? சரி, ஜெயிச்சுட்டு வா. பரிச்சை எழுது, புதுச்சேரி போ, டாக்டருக்குப் படி. நான் வாயத் தொறக்க மாட்டேன். தோத்துட்டேன்னா அடுத்த சைகோன் கப்பல்ல ஏறணும். இந்தப் புள்ளைங்கள்லாம் சாட்சி."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சொன்ன விலையை மாற்றாத மனுஷர் என்று கடைத்தெருவில் அவருக்குப் பெயர். ஒரு பிள்ளையின் படிப்பை யாராவது கிரிக்கெட்டில் கொண்டுபோய் வைப்பார்களா? அதுவும் எங்கள் டீமை நம்பி. கேப்டன் மட்டும், "சரி வாப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடியது விளையாட்டே இல்லை. விடியற்காலையில் பொட்டலுக்கு ஓடினோம். பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை வீங்கி, சோறு பிசைய முடியாமல் போனது. சின்ன டீம் பொடியன்கள் முன்னால் வெட்கத்தை விட்டு நின்று, எப்படியடா அடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கூடப் பார்த்தோம்.

ஆட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை. சாவடியில் முசியேயின் அனுமதிச் சீட்டில் ஏதோ குறை கண்டுபிடித்து அவரை நிறுத்திவிட்டார்கள். "நீங்க போங்கடா, நான் பேசிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்" என்றார். வரவில்லை. அவரை அப்படியே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. ஆட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் நாங்கள் நாகப்பட்டினத்தில் போய் இறங்கினோம்.

அவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. தரையில் நிஜமான கயிற்றுப்பாய். டாஸில் அவர்கள் ஜெயித்து முதலில் மட்டை பிடித்தார்கள். சாப்பாட்டு நேரம்வரை எங்களை வெயிலில் ஓடவிட்டு அடித்தார்கள். நூற்றைம்பதை நெருங்கியபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கேப்டனுக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பந்தை வாங்கி, கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தான். முதல் பந்து ஒருவன் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவன் நொண்டிக்கொண்டு சுற்றினான். அடுத்ததில் நடு ஸ்டம்பு பறந்தது. புதிதாக வந்தவனின் ஸ்டம்பும் அதே ஓவரில் சாய்ந்தது. ஐந்து பேர் அவுட். நாங்கள் அவனைத் தூக்காத குறை.

அப்போதுதான் அவர்கள் கேப்டன், கண்ணாடி போட்ட பையன், மரத்தடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே மைதானத்துக்குள் நடந்து வந்தான். உள்ளே நின்ற இரண்டு ஆட்டக்காரர்களும் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கண்ணாடிக்காரன் எங்களிடம் வந்து சொன்னான்.

"டிக்ளேர் பண்ணிட்டோம். நீங்க ரெடியாகுங்க."

கேப்டன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"என்னடா சொல்றான்?"

"டிக்ளேர் பண்ணிட்டானாம்டா."

"இன்னும் அஞ்சு விக்கெட்டு இருக்கேடா."

"ஒன் பந்துக்குப் பயந்துட்டான்டா. அந்தக் கால் வெரலப் பாத்தியா?"

கேப்டன் ஒழுங்கானவன். அவசரப்பட்டு நம்பவில்லை. கண்ணாடிக்காரனிடம் மறுபடி கேட்டான்.

"நெசமாத்தான் சொல்றீங்களா? நீங்களாவே டிக்ளேர் பண்றீங்களா?"

"ஆமா. போதும்ல, இதுக்கு மேல எதுக்கு?" என்றான் அவன்.

இதற்கு மேல் ஒருவன் எப்படித் தோல்வியை ஒப்புக்கொள்வான்? கேப்டன் அவன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். எதற்குக் குலுக்குகிறான் என்று புரியாமல் அவன் விழித்ததை, அவமானத்தில் விழிக்கிறான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இவ்வளவு பெருந்தன்மையாகத் தோற்கிறவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ரெடியாகச் சொன்னானே, உடனே ரெடியானோம். மட்டை, பந்து, காலில் கட்டும் பேடுகள் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டினோம்.

அம்பயராக நின்ற அவர்கள் வாத்தியார், "எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஊருக்குங்க. பொழுது சாஞ்சா சாவடில தொந்தரவு பண்ணுவாங்க" என்றேன் நான்.

"அதுக்காக இப்பவேவா?" என்று அவர் தலையை ஆட்டினார். பாவம், தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்தேன். ஆறுதலாக ஒரு கும்பிடு வேறு போட்டுவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

நாகூரில் இறங்கி அல்வா வாங்கித் தின்றோம். சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் எங்கள் சாக்கைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். டிக்ளேர் பண்ண ஏதாச்சும் இருக்கா என்று அவர் முடிப்பதற்குள் பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "நாங்க எதுக்குங்க பண்றோம், அதான் அவங்களே பண்ணிட்டாங்களே" என்றான் ஒருவன். அவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். பைத்தியங்கள் என்று நினைத்து விட்டுவிட்டார் போலிருக்கிறது, சாக்கைப் பிரிக்கக்கூட இல்லை.

கேப்டன் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். வாப்பா வாசலிலேயே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம் வாப்பா. அவங்க டிக்ளேர் பண்ணிட்டாங்க."

அவர் மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "அப்புடியா" என்றார். "சரி, உள்ள வாங்க தம்பிங்களா. கை கால் கழுவிட்டு உக்காருங்க."

நெய்ச்சோறு அதற்குள் தயாராக இருந்தது. எப்படித் தயாராக இருந்தது என்று பசியில் ஒருவனும் யோசிக்கவில்லை. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளில் சோறு குவிந்து வந்தது, மேலே கறி, பக்கத்தில் தாளிச்சா. வாப்பாவே கரண்டியைப் பிடித்து எங்களுக்குப் பரிமாறினார். திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, "புள்ளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகன் கப்பல் ஏறப் போவதில்லை என்ற சந்தோஷம் அந்தக் குரலில் அப்படியே தெரிந்தது. கேப்டன் தலையைக் குனிந்து சாப்பிட்டான். அவன் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் என் தம்பியின் தட்டைப் பார்த்து நான் சிரித்தேன்.

மறுநாள் காலை முசியே எங்களைத் தேடி வராந்தாவுக்கே வந்துவிட்டார். ஜெயித்த செய்தி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியிருந்தது. முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அவா எவ்வளவுடா அடிச்சா?"

"நூத்தம்பதுக்குக் கிட்டங்க முசியே. அஞ்சு விக்கெட்டு."

"அடேயப்பா. நீங்க யாரு எவ்வளவு அடிச்சேள்?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாங்க அடிக்கலீங்க முசியே. நாங்க மட்டையே பிடிக்கலீங்களே."

"பின்ன எப்படிடா ஜெயிச்சேள்?"

"அவங்கதான் டிக்ளேர் பண்ணிட்டாங்களே முசியே" என்றேன் நான், பெருமையாக.

முசியேயின் முகம் வெளுத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு, எங்களைத் திட்டாமல், ரொம்ப மெதுவாகச் சொன்னார். டிக்ளேர் என்றால், இந்த ரன் எங்களுக்குப் போதும், இனி நீ வந்து அடித்துப் பார் என்று அர்த்தம். பலமாக இருப்பவன் செய்வது. எங்களை ரெடியாகச் சொன்னது மட்டை பிடிக்க. "ஆட்டத்தப் பாதில விட்டுட்டு வந்துருக்கேள்டா. தோத்ததுக்குச் சமம்."

பேயறைந்தது போல நின்றோம். என் காதில் அந்த அம்பயரின் 'இப்பவேவா' திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு சொல்லில் இப்படி ஒரு குழி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? சாவடியில் தலைகுனிந்து சொல்கிற அதே சொல்லை, சாவடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வான் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடிக்காரன் எதிரில் நின்றிருந்தால் அடித்தே இருப்பேன்.

முதலில் சுதாரித்தவனும் நான்தான். மத்தியானம் டீமைக் கூட்டினேன். இது நம் பதினொரு பேருக்கும் முசியேவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், வாப்பா காதுக்குப் போகக்கூடாது, எவனாவது வாயைத் திறந்தால் பல்லைத் தட்டிவிடுவேன் என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். முசியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியமே செய்துகொடுத்தார். கேப்டன் மட்டும் தலையை ஆட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிடங்கை நோக்கி நடந்தான். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கடா போற?"

"வாப்பாக்கிட்ட சொல்லணும்."

"ஒனக்கென்ன கிறுக்கா? யாருடா கேட்டா? நீயா பொய் சொன்ன? தெரியாம நடந்துபோச்சு, அப்புடியே விட்டுடேன். பரிச்சைக்கு இன்னும் எவ்வளவு நாளு இருக்கு?"

"நேத்து நெய்ச்சோறு தின்னோம்ல" என்றான்.

"அதுக்கு?"

"ஜெயிச்சதுக்குன்னு வாப்பா கையால போட்டாருடா. தொண்டைலயே நிக்கிது."

தெரு முழுக்கக் கெஞ்சிக்கொண்டே போனேன். உம்மாவைச் சொன்னேன், சண்டையைச் சொன்னேன், புதுச்சேரியைச் சொன்னேன். குண்டு விழுகிற ஊருக்கு எவனாவது நெய்ச்சோற்றுக்காகப் போவானா என்று கத்தினேன். அவன் நடையைக் குறைக்கவே இல்லை.

கிடங்குக்குள் வாப்பா மட்டும் இருந்தார். கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தகரப் பெட்டியைச் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கடைச் சரக்கு என்று நினைத்தேன்.

"வாப்பா" என்றான் கேப்டன். "நாங்க ஜெயிக்கல. டிக்ளேர் பண்றதுன்னா வேறயாம். எங்களுக்குத் தெரியல. நாங்க பாதிலயே வந்துட்டோம்."

அவர் நிமிரவில்லை. கயிற்றைப் பெட்டிக்கு அடியில் விட்டு இழுத்தார்.

"தெரியும்" என்றார். "நம்ம நாகப்பட்டினத்துக் கடை ஆளு மரத்தடில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்க நாகூர்ல அல்வா தின்னுக்கிட்டு நின்னப்பவே அவரு இங்க வந்துட்டாரு."

தெரிந்தேவா எங்களை உட்காரவைத்து அத்தனை சோறு போட்டார்? தெரிந்தேவா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்? கேப்டன் அசையாமல் நின்றான். பயத்தில் எனக்குத்தான் வாய் வந்துவிட்டது.

"மாமா, இவன் சொல்லலேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை, களைத்த முகம்.

"படிக்கட்டும்னு விட்டிருப்பேன் தம்பி" என்றார். "தோத்தத மறைக்கிற புள்ளையச் சைகோன் கடைல உக்காரவெச்சு நான் என்ன பண்றது? அங்க என் கண்ணு இல்ல, காது இல்ல. தனக்கு நட்டமா இருந்தாலும் வந்து சொல்றவன்தான் அங்க வேணும். ராத்திரியெல்லாம் அல்லாக்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். சொல்லட்டும்னு கேட்டனா, சொல்லவேணாம்னு கேட்டனான்னு எனக்கே தெரியல."

பொய் சொல்லியிருந்தால் அவன் டாக்டர். ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், டாக்டர். ஊரே 'ஒண்ணும் இல்லீங்க' என்று சொல்லிப் பிழைக்கிற ஊரில், உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைக் குண்டு வெடிக்கிற இடத்துக்கு அனுப்புகிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்க வாயெடுத்தேன். இன்றுவரை அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டு முடிக்கவில்லை.

அப்போதுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். மூடி முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கில் புது வெள்ளைச் சட்டைகள் மடித்து வைத்திருந்தது தெரிந்தது, எங்கள் வயதுப் பையனின் அளவில். மகன் வந்து சொல்வான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கேப்டனும் அதைப் பார்த்துவிட்டான். அழுவான் என்று நினைத்தேன். "கப்பல் எப்ப வாப்பா?" என்று மட்டும் கேட்டான். அவர் கயிற்றை முடிச்சுப் போட முயன்றார், அது நழுவிக்கொண்டே இருந்தது. அவன் வாப்பாவுக்கு எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, அவர் முடிச்சுப் போட வசதியாகக் கயிற்றின் மேல் தன் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டான்.